நின்ற இடத்தில் மின்னேற்றம்

நுழையும்முன்

வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு புறப்படுவது நூறாண்டுப் பழக்கம். மின்மகிழுந்து அப்பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு ஆற்றலூட்டும் வழிகள் பல. அவற்றுள் எது எப்போது ஏற்றது, யாருக்குக் கிட்டுகிறது, யாருக்குக் கிட்டவில்லை என்பனவற்றை அறிவியலோடும் அன்றாட வாழ்வோடும் இணைத்துக் காண்கிறது இக்கட்டுரை.

ஒரு தீர்மானம்

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருநாள் நள்ளிரவில் நெகிழி தீயும் நாற்றம் எழுந்தது. அனைவரும் பதறிக் கீழே ஓடினோம். இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருந்த இளைஞர் ஒருவர் புதிதாக மின்மகிழுந்து வாங்கியிருந்தார். தம் வீட்டுச் சன்னல் வழியாக நீட்டிப்புக் கம்பி ஒன்றைக் கீழே இறக்கி, இரவுதோறும் வண்டிக்கு மின்னேற்றி வந்தார். அக்கம்பியின் முனையிலிருந்த செருகுவாய் உருகிக் கருகிக் கிடந்தது. நல்வாய்ப்பாக, மனிதருக்கோ வண்டிக்கோ ஊறு ஏதும் நேரவில்லை.

அடுத்த வாரம் குடியிருப்போர் கூட்டம் கூடிற்று. வளாகத்தினுள் எவரும் மின்னூர்திக்கு மின்னேற்றக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவரப்பட்டது. ஆதரித்துக் கை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவர். அந்த இளைஞர் எழுந்து, “அப்படியானால் நான் எங்கே போய் ஏற்றுவது?” என்று மட்டும் கேட்டார். “நெடுஞ்சாலையில் விரைவு நிலையம் இருக்கிறதே!” என்று யாரோ கூறினார். கூட்டம் கலைந்தது.

அந்த விடை சரிதானா என்று நான் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். எண்ணியதன் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். அந்த விடை தவறு. அன்று நான் கை உயர்த்தியதும் தவறு. மின்மகிழுந்துக்கு வேண்டிய அன்றாட ஆற்றல், அது நிற்கும் இடத்திலேயே மெதுவாகக் கிடைக்க வேண்டும். விரைவு நிலையம் வழிப்பயணத்திற்கு உரியது. இக்கருத்தை நிறுவ, மின்னேற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

இருவகை மின்னோட்டம்

ஏற்றம் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. கிணற்று நீரை மேட்டு வயலுக்கு இறைத்த கருவியை நம் முன்னோர் ஏற்றம் என்றனர். தாழ்ந்த நிலையில் இருப்பதை ஆற்றல் செலவிட்டு உயர்ந்த நிலைக்குக் கொண்டுசேர்ப்பதே ஏற்றம். மின்கலத்திலும் இதுவே நிகழ்கிறது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையிலிருந்து புறப்பட்டு, கிராஃபைட்டாலான எதிர்மின்முனையின் அடுக்குகளுக்கு இடையே சென்று தங்குகின்றன. வண்டி ஓடும்போது அவை பழைய இடத்திற்குத் திரும்புகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலே சக்கரத்தைச் சுழற்றுகிறது.

மின்கலம் நேர்த்திசை மின்னோட்டத்தை மட்டுமே ஏற்கும். நம் வீடுகளுக்கு வருவதோ நொடிக்கு 50 முறை சுழலும் மாறுதிசை மின்னோட்டம். எனவே, இடையில் ஓரிடத்தில் மாறுதிசையை நேர்த்திசையாக்கும் பணி நடந்தாக வேண்டும். அப்பணி வண்டிக்குள் நடக்கிறதா, வண்டிக்கு வெளியே நடக்கிறதா என்பதே மின்னேற்ற முறைகளைப் பிரிக்கும் அடிப்படைக் கோடு.

ஒவ்வொரு மின்மகிழுந்துக்குள்ளும் இப்பணிக்கென ஓர் உள்மின்னேற்றி உண்டு. வீட்டு மின்சாரத்தை இணைத்தால் அதனை மாற்றி மின்கலத்திற்கு அனுப்புவது அதுதான். வண்டிக்குள் இடமும் எடையும் அளவானவை. ஆகவே, உள்மின்னேற்றியின் திறனும் அளவானது. 3.3 கிலோவாட் திறனுள்ள உள்மின்னேற்றி கொண்ட வண்டியை 7.2 கிலோவாட் பெட்டியில் இணைத்தாலும் 3.3 கிலோவாட் மட்டுமே ஏறும். வாய் குறுகிய குடத்தில் பெருங்குழாயைத் திறந்துவிட்டாலும் வாய் ஏற்கும் அளவுதானே உள்ளே செல்லும்! வண்டி வாங்குவோர் பலர் கேட்க மறக்கும் செய்தி இது.

மூன்று வேகங்கள்

30 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்தைக் கொண்ட சிறிய மகிழுந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் திறன் ஒரு மணிநேரம் செயற்படும்போது செலவாகும் ஆற்றல்.

முதலாவது, மெதுவான முறை. குளிர்பதனப் பெட்டிக்கும் வெந்நீர்க் கருவிக்கும் பயன்படும் 15 ஆம்பியர் செருகுவாயில் வண்டியுடன் தரப்படும் மின்னேற்றியைச் செருகுவது. 230 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 3450 வாட் கிடைக்கும். நடைமுறையில் அதனை ஏறத்தாழ 3 கிலோவாட் எனக் கொள்ளலாம். முற்றும் வெறுமையான மின்கலம் நிறைய 10 மணிநேரம் ஆகும்; இடையில் நேரும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும்.

இரண்டாவது, நடுத்தர முறை. சுவரில் பொருத்தப்படும் தனி மின்னேற்றப் பெட்டி இதற்கு வேண்டும். ஒருமுனை மின்னிணைப்பில் 32 ஆம்பியர் வழியாக ஏறத்தாழ 7.2 கிலோவாட் தரலாம். மும்முனை மின்னிணைப்பில் 11 அல்லது 22 கிலோவாட் வரை தரும் பெட்டிகளும் உள்ளன. வண்டியின் உள்மின்னேற்றி இடம் கொடுத்தால், 7.2 கிலோவாட்டில் நான்கைந்து மணிநேரத்தில் மின்கலம் நிறைந்துவிடும். இப்பெட்டி வெறும் செருகுவாய் அன்று. ‘இவ்வளவு தர இயலும்’ என்று வண்டிக்குக் குறிப்பால் உணர்த்தும். இணைப்பு உறுதியான பின்னரே மின்சாரத்தைத் திறந்துவிடும். பழுது நேர்ந்தால் உடனே நிறுத்தும்.

மூன்றாவது, விரைவு முறை. இங்கு மாற்றும் பணி முழுவதும் வெளியே உள்ள பெரிய பெட்டிக்குள் நடக்கிறது. நேர்த்திசை மின்னோட்டம் உள்மின்னேற்றியைக் கடந்து நேரே மின்கலத்தை அடைகிறது. இத்தகைய பெட்டிகள் 30, 60, 120, 240 கிலோவாட் எனப் பல திறன்களில் உள்ளன. இந்தியாவில் இன்றைய மகிழுந்துகளுக்குப் பெரும்பாலும் சி.சி.எஸ். 2 என்னும் இணைப்பு முறை பயன்படுகிறது. நாம் எடுத்துக்கொண்ட வண்டியின் மின்கலத்தை 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டிற்கு உயர்த்த 18 யூனிட் வேண்டும். சராசரியாக 30 கிலோவாட் ஏறினால் அதற்கு 36 நிமிடம் போதும். ஒரு தேநீரும் சிற்றுண்டியும் முடித்துத் திரும்பும் நேரம்.

எரிந்தது எது?

விரைவு முறையின் அளவோடு ஒப்பிட்டால் 3 கிலோவாட் என்பது சிறியது. அந்தச் சிறிய அளவே எங்கள் குடியிருப்பில் செருகுவாயை எரித்தது எப்படி?

கம்பியில் தோன்றும் வெப்பம், பாயும் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 6 ஆம்பியருக்கெனச் செய்த நீட்டிப்புக் கம்பியில் 12 ஆம்பியர் பாய்ந்தால் நான்கு மடங்கு வெப்பம் தோன்றும். மாவரைக்கும் கருவி சில நிமிடங்களே ஓடி நிற்பதால் கம்பி ஆறிவிடுகிறது. மகிழுந்தோ பல மணிநேரம் இடைவிடாது இழுக்கிறது. செருகி தளர்வாக இருந்தால் அத்தொடுமுனையில் தடை மிகும். வெப்பமும் அங்கேயே திரளும். கம்பியைச் சுருளாக வைத்திருந்தால் வெப்பம் வெளியேற வழியில்லை. இவை அனைத்தும் அன்றிரவு ஒருங்கே அமைந்திருந்தன.

பாதுகாப்பான வழி கடினமானதன்று. முதன்மைப் பலகையிலிருந்து தகுந்த பருமனுள்ள செம்புக் கம்பியில் தனி இணைப்பு. அதற்கெனத் தனித் துண்டிப்பான். எர்த் எனப்படும் சரியான நிலத்தொடர்பு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான். இந்நான்கும் இருந்தால், உரிய தகுதி பெற்ற மின்பணியாளர் அமைத்த 15 ஆம்பியர் செருகுவாய் ஆண்டுக்கணக்கில் அமைதியாகப் பணிசெய்யும். எங்கள் குடியிருப்பில் தடை செய்யப்பட வேண்டியது அந்த நீட்டிப்புக் கம்பி. நாங்கள் தடை செய்ததோ மின்னேற்றத்தை.

எண்பதுக்குப் பின்

விரைவு நிலையங்களில் 80 விழுக்காடு வரை விரைந்து ஏறிய மின்சாரம், அதன்பின் தளர்நடை போடுவதைக் காணலாம். இது கருவியின் குறையன்று. காலியான பேருந்தில் முதலில் ஏறுவோர் உடனே அமர்ந்துவிடுகின்றனர். பேருந்து நிறைய நிறைய, பின்னர் ஏறுவோர் இருக்கை தேடி நகர நேரம் ஆகிறது. எதிர்மின்முனையின் அடுக்குகளில் இடம் தேடும் அயனிகளின் நிலையும் அத்தகையதே. அப்போதும் வலிந்து திணித்தால், லித்தியம் உள்ளே நுழையாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். மின்கலத்தின் ஆயுள் குறையும். அதனால் வண்டியிலுள்ள கட்டுப்பாட்டு அமைப்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

இதில் ஒரு நாகரிகமும் அடங்கியுள்ளது. நெடுஞ்சாலை நிலையத்தில் 80 விழுக்காட்டோடு வண்டியை எடுத்துவிட்டால் பின்னால் காத்திருப்பவர் விரைவில் பயன்பெறுவார். எஞ்சிய 20 விழுக்காட்டிற்காக நிற்கும் நேரம், இன்னொருவரின் பயணத்திலிருந்து எடுத்த நேரமாகும்.

தெரிந்து தெளிவோம்

* மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய-அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார்.
* 1881ஆம் ஆண்டு குஸ்தாவ் துரூவே என்பவர் மின்கலத்தால் இயங்கும் மூன்று சக்கர வண்டியைப் பாரிசு நகரில் ஓட்டிக் காட்டினார்.
* லித்தியம் அயனி மின்கலம் 1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் உருவாக்கத்திற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.
* பெங்களூருவில் உருவான ரேவா என்னும் சிறிய மின்மகிழுந்து 2001ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. வீட்டுச் செருகுவாயே அதற்கு மின்னேற்றும் இடம்.

பிற வழிகள்

மின்னேற்றக் காத்திராமல், தீர்ந்த மின்கலத்தைக் கொடுத்து நிறைந்த மின்கலத்தைப் பெறும் முறையும் உண்டு. இது புதிய சிந்தனையன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கு நகரில் ஓடிய மின் வாடகை வண்டிகளுக்கு நிலையத்திலேயே மின்கலங்களை மாற்றிக் கொடுத்தனர். நம் நாட்டில் இருசக்கர ஊர்திகளுக்கும் தானிகளுக்கும் இம்முறை பொருந்தி வருகிறது. அவற்றின் மின்கலத்தைக் கையால் தூக்கி மாற்றலாம். மகிழுந்தின் மின்கலமோ பல நூறு கிலோ எடையுள்ளது. நிறுவனத்துக்கு நிறுவனம் வடிவம் வேறுபடுவது. இசுரேலில் இம்முறையை நம்பித் தொடங்கிய பெட்டர் பிளேஸ் நிறுவனம் 2013ஆம் ஆண்டு நொடித்தது. சீனாவில் நியோ நிறுவனம் தன் மகிழுந்துகளுக்கு இதனை நடத்தி வருகிறது.

கம்பியின்றி, தரையில் பதித்த சுருளிலிருந்து வண்டியின் அடியிலுள்ள சுருளுக்கு ஆற்றலை மாற்றவும் இயலும். 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. செலவு மிகுதியாதலால் இது இன்னும் பரவலாகவில்லை.

எந்த வேகம் எவருக்கு?

இனி நம் கேள்விக்கு வருவோம். நகரத்தில் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். சிறிய மின்மகிழுந்து ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோமீட்டர் வரை ஓடும். எனவே, அவருக்கு வேண்டியது சுமார் 6 யூனிட். 3 கிலோவாட் செருகுவாயில் அதற்கு ஆகும் நேரம் 2 மணி. அவருடைய வண்டியோ நாளில் 20 மணிநேரத்திற்கும் மேலாக எங்கோ ஓரிடத்தில் சும்மா நிற்கிறது. நிற்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். மிக மெதுவான முறையே அவருக்கு மிகையான முறை. சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்குக் கணக்கிலேயே மெய்ப்படுகிறது.

இக்கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. நாள் முழுதும் ஓடும் வாடகை மகிழுந்து ஓட்டுநருக்கு நேரமே வருவாய். அவருக்கு விரைவு நிலையம் வேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 460 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குச் சிறிய மின்மகிழுந்தில் செல்வோர் இரண்டு மூன்று முறை நின்று ஏற்றியாக வேண்டும். சாலையோரமாக மட்டுமே வண்டி நிறுத்த இடமுள்ளோருக்கும் பொது நிலையங்களே துணை. ஆகவே, விரைவு நிலையங்கள் பெருகட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால், மின்னேற்ற வசதி என்றாலே விரைவு நிலையம் என்று பொருள்கொள்ளும் போக்கை நான் ஏற்கவில்லை. எரிபொருள் நிலையத்தின் நினைவிலிருந்து நாம் விடுபடாததே அதற்குக் காரணம். அதனால் நேரும் இழப்பு எவருடையது என்று பாருங்கள். சொந்த வீடும் முற்றமும் உள்ளவர், இரவில் செருகிவிட்டு உறங்குகிறார். வீட்டுக் கட்டணத்தில் வண்டி ஓடுகிறது. வாடகை வீட்டில் இருப்பவரோ வாரந்தோறும் பொது நிலையத்தைத் தேடிச் சென்று, வரிசையில் நின்று, கூடுதல் விலை கொடுத்து ஏற்றுகிறார். ஒரே ஊர், ஒரே வண்டி. ஆனால் செலவும் அலைச்சலும் வேறு. புகையில்லா ஊர்தி என்னும் பொதுநன்மை, வீட்டுரிமை உள்ளோர்க்கு மட்டும் எளிதாகக் கிடைப்பது முறையாகாது.

அரசுகள் இதனை உணராமல் இல்லை. மின்னூர்திக்கு மின்னேற்றித் தருவது சேவை. அதற்கு மின் வணிக உரிமம் வேண்டியதில்லை என்று ஒன்றிய மின்துறை 2018ஆம் ஆண்டு தெளிவுபடுத்தியது. கட்டடங்களின் வண்டி நிறுத்தும் இடத்தில் 20 விழுக்காட்டிற்கு மின்னேற்ற வசதி அமைய வேண்டும் என்னும் நெறி, 2019ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளில் சேர்க்கப்பட்டது. புதிதாக எழும் கட்டடங்களுக்கு இது வழிகாட்டும். முன்பே எழுந்து நிற்கும் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளில் முடிவெடுப்பது, எங்கள் கூட்டத்தைப் போன்ற சிறு கூட்டங்கள்தாம்.

வெயிலும் காற்றும்

எங்கே ஏற்றுவது என்பதோடு எப்போது ஏற்றுவது என்பதும் சேர்ந்தது. மாலை 6 மணிக்கு வீடு திரும்பியதும் அனைவரும் வண்டியைச் செருகினால், விளக்கும் மின்விசிறியும் குளிர்பதனக் கருவியும் இயங்கும் அதே நேரத்தில் தெருமுனை மின்மாற்றியின் மீது பளு கூடும். இரவு 10 மணிக்குப் பின் தொடங்குமாறு வண்டியிலேயே நேரம் குறித்துவிடலாம். இரண்டு மணிநேரமே தேவைப்படும் வண்டிக்கு விடியும்வரை காலம் இருக்கிறது.

பகல் இன்னும் சிறந்தது. தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்னிலையம் 2016ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. முப்பந்தல், கயத்தாறு பகுதிகளில் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் ஓய்வின்றிச் சுழல்கின்றன. உச்சி வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளத் தகுந்த மின்கலங்கள், அதே வேளையில் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் மரநிழலில் நின்றுகொண்டிருக்கின்றன. பொது மின்னேற்ற நிலையங்களில் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்சாரத்திற்குக் குறைந்த விலை என்னும் நெறியை ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வகுத்திருப்பது இதன் பொருட்டே. பணியிட நிறுத்தங்களில் வரிசையாகச் சில 15 ஆம்பியர் செருகுவாய்களை முறைப்படி அமைத்தால், வீட்டில் இடமில்லாதவருக்கு அதுவே விடையாகும். ஒரு பெரிய விரைவுப் பெட்டிக்காகும் செலவில் எளிய செருகுவாய்கள் பலவற்றை அமைக்கலாம்.

மீண்டும் ஒரு கூட்டம்

ஓராண்டு கழித்து எங்கள் குடியிருப்பில் அத்தீர்மானம் மறுபடியும் பேச்சுக்கு வந்தது. இம்முறை தகுதி பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து வந்து விளக்கச் சொன்னோம். கீழ்த்தளத்தில் பொதுப் பலகையிலிருந்து தனிக் கம்பி, நான்கு செருகுவாய்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்கணக்கி, நிலத்தொடர்பு, மின்கசிவுத் தடுப்பான். பயன்படுத்துவோர் தத்தம் அளவுக்குக் கட்டணம் செலுத்துவது என்று முடிவாயிற்று. செலவு, நாங்கள் முந்தைய ஆண்டு சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசியதைவிடக் குறைவு. பழைய தீர்மானம் நீக்கப்பட்டது. அதற்கும் கை உயர்த்தினேன்.

ஆனால், அந்த இளைஞர் அப்போது அங்கு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல எங்களுக்கு ஓராண்டு தேவைப்பட்டது. அவருக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வழியில்லை.

மாணவர்களே! இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் இத்தகைய கூட்டங்களில் அமர்வீர்கள். சிலர் வீட்டு உரிமையாளராக, சிலர் வாடகைக்கு இருப்பவராக, சிலர் மின்பணியாளராகவும் பொறியாளராகவும். புதிய கருவி ஒன்று வாயிலுக்கு வரும்போது அச்சம் எழுவது இயல்பு. அப்போது கை உயர்த்துவதற்கு முன், எரிந்தது எது என்று கேளுங்கள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மின்கருவிகள் ஐந்தின் திறனைக் கண்டறிந்து, அவற்றை 3 கிலோவாட் மின்னேற்றத்தோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. ‘பொதுப்பணத்தில் முதலில் அமைய வேண்டியவை விரைவு நிலையங்களா, பணியிடச் செருகுவாய்களா?’ என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவர், மின்னேற்ற வசதி வேண்டிக் குடியிருப்போர் சங்கத்திற்கு எழுதுவது போன்று, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சுட்டி விண்ணப்பம் வரைக.